மச்சத்தை மறைத்தால் ஆள் யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன மாதம் எங்கள் வட்டாரச் சமூக மன்றம் ஒன்றில் கேலிச்சித்திரப் பயிலரங்கு நடந்தது. இரண்டு மணி நேரம், பன்னிரண்டு பேர். "சின்ன வயசில் உங்களுக்குப் பிடித்த தொலைக்காட்சிப் பாத்திரத்தை வரையுங்கள்" என்றார் பயிற்றுநர். டோராமோன், அல்ட்ராமேன், மிஸ்டர் பீன் என்று ஆளுக்கொருவரைப் பிடித்துக்கொண்டார்கள். என்னையும் சேர்த்து நான்கு பேர் வரைந்தது புவா சூ காங்கை.

இன்றைய பிள்ளைகளுக்கு அவரைத் தெரியாமல் இருக்கலாம். 1997 முதல் 2007 வரை சிங்கப்பூர்த் தொலைக்காட்சியின் ஒளிவழி 5இல் வந்த நகைச்சுவைத் தொடரின் நாயகன், வீடு புதுப்பிக்கும் குத்தகைக்காரர். சுருட்டை முடி, முகத்தில் பெரிய மச்சம், சுண்டுவிரலில் நீள நகம், மஞ்சள் பூட்ஸ். வாயைத் திறந்தால் அசல் சிங்கிலிஷ், அதாவது நம் ஊர்ப் பேச்சு ஆங்கிலம். பிள்ளைகள் எல்லாம் அவரைப் போலவே பேசத் தொடங்கியதில், 1999 தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் கோ சோக் டோங்கே இவரை ஆங்கில வகுப்பில் சேர்க்கச் சொன்னார். அப்போது எனக்கு ஒன்பது வயது. புவா சூ காங் மாதிரி பேசியதற்காக அம்மாவிடம் நான் வாங்கிய திட்டு தனிக்கதை.

முடிந்ததும் படங்களைச் சுவரில் ஒட்டினார்கள். நான்கு புவா சூ காங்குக்கும் அதே முடி, அதே மச்சம், அதே பூட்ஸ். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் விளையாட்டாகத் தாளை மடித்து முடியையும் மச்சத்தையும் மறைத்துக் காட்டினார். மிச்சம் இருந்தது யாரோ ஒரு ஆள். என் படமும் அப்படித்தான். இன்னொரு படத்தில் கண் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் இரண்டு கோடுகள். ஏன் என்று கேட்டேன். "சீனர்தானே?" என்றார் வரைந்தவர். நடித்த குர்மித் சிங் சீக்கியத் தகப்பனாரின் பிள்ளை! அதுவும், எதையாவது சமாளிக்கப் பார்க்கும்போது உருண்டு விரியும் அந்தக் கண்ணையா கோடாக்குவது? பயிற்றுநர் "நல்லா இருக்கு" என்று அடுத்த படத்துக்குப் போய்விட்டார். என் ஆதங்கம் அங்கேதான்.

தொடக்கநிலை நான்கில் என் வகுப்புப் பையன் ஒருவன் என்னை வரைந்தான். பெரிய பொட்டு, இரட்டைச் சடை, முகம் முழுக்கக் கறுப்புப் பென்சில் தேய்ப்பு. நான் பொட்டு வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனது தீபாவளிக் கொண்டாட்டத்துக்கு மட்டும்தான். அவன் கெட்டவன் இல்லை. என் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். (பார்த்திருந்தால் முன்பற்களுக்கு நடுவே இருந்த சந்து கண்ணில் பட்டிருக்கும். கேலி செய்ய அதைவிட என்ன வேண்டும்?)

கேலிச்சித்திரத்தைக் குறிக்கும் கேரிகேச்சர் என்ற ஆங்கிலச் சொல்லே பாரம் ஏற்றுவதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. பாரத்தை எங்கே ஏற்றுவது என்பதில்தான் வித்தை. 1980களில் சூசன் பிரென்னன் என்ற அமெரிக்க ஆய்வாளர் கணினியைக் கேலிச்சித்திரம் போட வைத்தார். வழி ரொம்ப எளிது. சராசரி முகம் ஒன்றை வைத்துக்கொண்டு, நம் ஆளின் முகம் அதிலிருந்து எங்கெங்கே விலகுகிறது என்று பார்த்து, அந்த விலகலை மட்டும் பெரிதாக்குவது. பொட்டும் கோட்டுக் கண்ணும் எந்த முகத்தின் விலகலும் இல்லை. பென்சிலை எடுக்கும் முன்பே வரைபவர் மண்டைக்குள் இருக்கும் படம் அது.

சரி, என் படத்துக்கு வருகிறேன். வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினேன். முப்பது வருஷம் தரை ஓடு பதித்தவர், எத்தனையோ குத்தகைக்காரர்களைப் பார்த்தவர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "பூட்ஸ் சரி. ஆனா ஆள் இப்படியா நிப்பான், ஏம்மா?" என்றார். அப்புறம் கூடத்தின் நடுவில் போய் நின்று காட்டினார். முழங்கால் லேசாக மடிந்தது, வயிறு முன்னே வந்தது, தலை மட்டும் ஆமைபோல் நீண்டது, சிரிப்பு காதுவரை போனது. "வேலை எப்ப முடியும்னு வீட்டுக்காரம்மா கேட்டா, இப்படி." மின்கட்டண உறையின் பின்பக்கத்தில் அதை அப்படியே வரைந்தேன். கழுத்தை இரண்டு மடங்கு நீட்டினேன், தாடையைத் தள்ளினேன், முடியை விட்டுவிட்டேன். சமையலறையிலிருந்து வந்த அம்மா எட்டிப் பார்த்து, "புவா சூ காங்தானே? மச்சம் எங்க?" என்றார்.

தங்கள் மாணவர் பக்கத்தில் இப்படி ஒரு போட்டி வைக்க முடியுமா? சின்ன வயதில் பிடித்த எந்தத் தொலைக்காட்சி ஆளானாலும் சரி. தலைமுடி, மச்சம், பொட்டு, தலைப்பாகை எதையும் வரையக்கூடாது. வண்ணமும் வேண்டாம், கறுப்புப் பேனா போதும். பெரியவர்களையும் சேர்த்துக்கொண்டால் என் அப்பா கலந்துகொள்ளத் தயார், வரைய இல்லை, நின்று காட்ட.

என் உறைப் படத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். திருப்பி அனுப்ப வேண்டாம், கட்டணத்தைக் கட்டியாயிற்று.

இப்படிக்கு,
வாசகி,
ஈசூன்