வள்ளிக்கு, பூம்பாறையிலிருந்து

அன்புள்ள வள்ளிக்கு,

அம்மா எழுதுவது. போன் போட்டால் "அப்புறம் கூப்பிடுறேன்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதம். சாப்பிடுகிறாய்தானே? மெஸ் சாப்பாடு இறங்கவில்லையென்றால் இரண்டு முட்டையாவது அவித்துக்கொள். ரகு மாமா பெங்களூரிலிருந்து வந்திருந்தார். உன்னைப் பார்த்தாராம், மெலிந்துவிட்டாயாம். வேறு என்னவோவும் சொன்னார். அதை விடு.

எங்கள் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிசிக்ஸ் டீச்சர் பிரசவ லீவில் போயிருக்கிறார். அவர் வரும்வரை அந்த வகுப்பு என் தலையில். ஒன்பதும் பத்தும் எடுத்தே பழகியவளுக்கு வந்து சேர்ந்தது "கதிர்வீச்சு மற்றும் பருப்பொருளின் இருமைப் பண்பு". உன் பாடம். ராத்திரி பாட்டி தூங்கிய பிறகு உட்கார்ந்து படிக்கிறேன்.

ஒளிமின் விளைவு வரை தடையில்லை. சோடியத்தின் மேல் ஊதா ஒளி பட்டால் எலக்ட்ரான் கிளம்பும், சிவப்பு பட்டால் கிளம்பாது என்று சொன்னேன். மேல்காட்டுப் பையன் ஒருவன் எழுந்து, "சிவப்பு லைட்டையே நூறு போட்டா டீச்சர்?" என்றான். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதுதானே கேள்வி! ஒளி வெறும் அலைதான் என்றால் அவன் கேட்டது நியாயம். சிறுகச் சிறுக ஆற்றல் சேர்ந்து ஒரு நேரத்தில் எலக்ட்ரான் வெளியே வந்தாக வேண்டும். வருவதில்லையே. ஒளி பொட்டலம் பொட்டலமாக வருகிறது, ஒரு பொட்டலத்தில் எவ்வளவு ஆற்றல் என்பதை அதிர்வெண் தீர்மானிக்கிறது. அந்தப் பொட்டலம்தான் போட்டான். போர்டில் எழுதிப் போட்டேன்: சிவப்பு போட்டான் சுமார் 1.8 எலக்ட்ரான் வோல்ட், ஊதா சுமார் 3, சோடியத்தின் வெளியேற்று ஆற்றல், அதாவது ஓர் எலக்ட்ரானை வெளியே எடுக்கக் குறைந்தது வேண்டியது, சுமார் 2.3. நூறு லைட் போட்டால் போட்டான்களின் எண்ணிக்கைதான் கூடும், ஒன்றொன்றின் ஆற்றல் கூடாது. நோட்டில் தானே கழித்துப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தான். உன்னையே பார்த்த மாதிரி இருந்தது. நீயும் நம்பாமல் உட்காரமாட்டாய். அப்படிக் கேள்வி கேட்ட பிள்ளை இப்போது ஒரு வார்த்தை பேச யோசிக்கிறாய்.

ஐன்ஸ்டீன் 1905-ல் இதைச் சொன்னதும், அமெரிக்க விஞ்ஞானி மில்லிகன் நம்பாததும் உனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் எழுதுகிறேன். தப்பு என்று காட்டத்தான் அந்த மனிதர் இறங்கினார். காற்றுப் பட்டால் சோடியத்தின் மேல்பரப்பு கெட்டுவிடும் என்று, வெற்றிடக் குழாய்க்கு உள்ளேயே கத்தி வைத்து அதைச் சீவினாராம். பத்து வருஷம். ஒளியின் அதிர்வெண்ணையும் வெளிவரும் எலக்ட்ரானின் அதிகபட்ச ஆற்றலையும் வரைபடமாகப் போட்டால், 1916-ல் அவருக்குக் கிடைத்தது ஐன்ஸ்டீன் சொன்ன அதே நேர்கோடு. அதிர்வெண்ணோடு பெருக்கினால் போட்டானின் ஆற்றலைத் தரும் பிளாங்க் மாறிலியின் மதிப்பும் அந்தக் கோட்டின் சாய்விலிருந்தே வந்தது. அவர் நினைத்தது ஒன்று, வந்தது வேறு. அந்தப் பத்து வருஷம் வீண் என்று யாராவது சொல்வார்களா? பரிசோதனை நினைத்தபடி வரவில்லையென்று எந்தப் பிள்ளையும் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடாமல் கிடக்கக் கூடாது.

பிள்ளைகளை வேனில் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்குக் கூட்டிப்போனேன். அப்பா இருந்தபோது நாம் போனோமே, அதே இடம். சூரிய ஒளியின் நிறங்கள் பட்டையாக விரிந்து, நடுநடுவே மெல்லிய கறுப்புக் கோடுகள். சிவப்பில் 656 நானோமீட்டரில் ஹைட்ரஜன் கோடு, மஞ்சளில் 589-ஐ ஒட்டி சோடியத்தின் ஜோடி. ஹைட்ரஜன் அணுவில் எலக்ட்ரான் இரண்டாம் ஆற்றல் மட்டத்திலிருந்து மூன்றாவதற்கு ஏற அந்த 656 ஒளிதான் வேண்டும், இடையில் நிற்க இடமில்லை. அந்த ஒளியை அது விழுங்கிவிடுவதால்தான் அங்கே கறுப்புக் கோடு. நீல்ஸ் போர் என்ற விஞ்ஞானி இதை விளக்கியது 1913-ல். ஆனால் இந்த ஆய்வகத்து விஞ்ஞானி எவர்ஷெட் இதே மலையில் உட்கார்ந்து 1909 ஜனவரியிலேயே, இப்படிப்பட்ட கோடுகள் துளி நகர்ந்திருப்பதை வைத்து, சூரியப் புள்ளியிலிருந்து வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதைக் கண்டுபிடித்துவிட்டார். அந்தக் கோடு ஏன் அந்த இடத்தில் விழுகிறது என்று யாராலும் சொல்ல முடியாத காலம் வள்ளி அது! காரணம் தெரியாமலே அளந்தார், அளந்தது இன்றைக்கும் நிற்கிறது. வேனில் திரும்பும்போது இதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். உன்னையும்தான்.

நான் திணறுவது இதற்கு அடுத்த இடத்தில். எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக இரட்டைப் பிளவு (பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மெல்லிய கீறல்) வழியே விட்டால் ஒவ்வொன்றும் திரையில் ஒரே ஒரு புள்ளி வைக்கிறது. ஆயிரக்கணக்கில் சேர்ந்த பிறகு பார்த்தால் பட்டை பட்டையாக, அலைக்கு வருவது போலவே. எந்தப் பிளவு வழியே போகிறது என்று கண்டறிய ஏற்பாடு செய்தால் பட்டைகள் போய்விடுகின்றன. கருவி போதாமல் நமக்குத் தெரியாமல் போவதில்லை, இன்ன பிளவு வழியே போனது என்பதே அங்கே கிடையாது என்று படித்தேன். பிள்ளைகளிடம் இதை எப்படிச் சொல்ல? "இரண்டு வழியாகவும் போகிறது" என்றால் சரியாகுமா? மேல்காட்டுப் பையன் விடமாட்டான். புத்தக வரியை ஒப்பிக்க எனக்கும் மனசு வரவில்லை. நீதான் சொல்ல வேண்டும்.

தபால்காரரிலிருந்து கோயில் பூசாரி வரை எல்லோரிடமும் என் மகள் குவாண்டம் ஆராய்ச்சி செய்கிறாள் என்று சொல்லிவைத்திருக்கிறேன். பெருமையாகத்தான் சொன்னேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆனால் நான் சொன்னேன் என்பதற்காக நீ எதையும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்க வேண்டாம். ஊருக்குச் சொன்னதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு மாசம் வந்து இருக்கிறாயா? லீவு கிடைக்குமா? கிடைக்காவிட்டாலும் வா.

ஆறுமுகம் அண்ணன் மகன் பெங்களூர் வருகிறான், புகையில் கட்டிவைத்த பூண்டு கொடுத்தனுப்புகிறேன். பாலில் வேகவைத்துக் குடி. முட்டையை மறக்காதே. பெரியப்பா வீட்டு விஷயம் அப்படியே இருக்கிறது, நேரில் சொல்கிறேன்.

இரட்டைப் பிளவு மாசக் கடைசியில் வருகிறது. அதற்குள் கூப்பிடு. ராத்திரி எந்நேரமானாலும் எடுப்பேன். பாடத்தைப் பற்றிப் பேச மனசில்லையென்றால் மாமா சொன்னதைப் பற்றிப் பேசுவோம். நான் திட்டமாட்டேன்.

அம்மா