ஒரு வரித் தீர்ப்பும் ஒரு புது ஃபேனும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வாகனக் கேள்வி-பதில் பகுதியில், வண்டி நிற்கும்போது என்ஜின் பக்கமிருந்து பெருஞ்சத்தம் வருவதாக எழுதிய வாசகர் ஒருவருக்கு, 'கூலிங் ஃபேன் போய்விட்டது, மோட்டாரோடு மாற்றிவிடுங்கள்' என்று தங்கள் நிபுணர் பதில் அளித்திருக்கிறார். வண்டியைப் பார்க்காமல், சத்தத்தைக் கேட்காமல், எழுதியவரிடம் எதிர்க்கேள்வி ஒன்றுகூடப் போடாமல் நோயைக் கண்டுபிடித்துவிடும் ஞானம் எல்லோருக்கும் வாய்த்துவிடாது. அந்தப் பேறு பெற்றவரைப் பணியில் வைத்திருக்கும் தங்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

அந்த வண்டியில் இருப்பது மின்சார மோட்டாரால் சுழலும் ஃபேனா, பெல்ட்டால் சுழலும் ஃபேனா என்பதைக்கூட அவர் விசாரிக்கவில்லை. மின்சார ஃபேன், என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஏறக்குறைய 95 முதல் 105 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும்போதோ ஏ.சி. போடும்போதோ ஓடத் தொடங்கி, பிறகு தானே நின்றுவிடும் என்பது தாங்கள் அறியாததன்று. ஆகவே, ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்தச் சத்தமும் கூடவே ஏறுகிறதா, அல்லது என்ஜின் வேகத்தோடு தொடர்பில்லாமல் விட்டுவிட்டு வருகிறதா என்பதே முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கூடவே ஏறினால் மின்சார ஃபேனை மறந்துவிட்டு, கூலன்ட்டைச் சுற்றிவரச் செய்யும் வாட்டர் பம்ப், பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டர், பெல்ட் செல்லும் புல்லிகள் ஆகியவற்றின் பேரிங்குகளைத்தான் சோதிக்க வேண்டும். ஏ.சி.யைப் போட்டதும் சத்தம் வந்தால் ஃபேன்தான் குற்றவாளி என்று சிலர் முடிவு கட்டுவார்கள். அதே நொடியில் ஏ.சி.யின் கம்ப்ரஸரும் ஓடத் தொடங்குவதை நினைத்துப் பார்ப்பதில்லை. என்ஜினை நிறுத்திவிட்டு, ஃபேன் மோட்டாருக்கு மட்டும் நேரடியாக 12 வோல்ட் கொடுத்து ஓடவிட்டால் சந்தேகத்துக்கு இடமே இருக்காது.

இதை நான் ஏட்டில் படித்து எழுதவில்லை. என் வண்டியில் கரகரவென்று சத்தம் எழுந்தபோது, ஒரு பணிமனையில் தங்கள் நிபுணரின் மருந்தையே கொடுத்தார்கள். புது ஃபேன் பொருத்தி வீட்டுக்கு வந்த பிறகும் அதே கரகரப்பு. வாட்டர் பம்ப்பையும் ஆல்டர்னேட்டரையும் சுழற்றும் வெளிப்புற பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ஆறியிருந்த என்ஜினைச் சில நொடிகள் மட்டும் ஓடவிட்டேன்; சத்தம் இல்லை. வாட்டர் பம்ப் புல்லியைக் கையால் சுற்றினால் மணல் அரைபடுவதுபோல விரலில் தட்டுப்பட்டது. பம்ப்பின் அடியிலுள்ள கசிவுத் துளையைச் சுற்றிக் கூலன்ட் காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. பம்ப்தான் குற்றவாளி என்பது, குனிந்து பார்த்திருந்தால் எவருக்கும் தெரிந்திருக்கும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த என் பழைய ஃபேனைக் கேட்டதற்கு, 'அது எதற்கு சார்?' என்றார்கள்.

இது முதல் முறையாக இருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். காலையில் வண்டியை எடுத்ததும் ஃபேன் புயலைப்போல இரைகிறது என்று முன்பொரு வாசகர் எழுதியபோது, பெல்ட்டால் சுழலும் ஃபேனை, சூட்டுக்கு ஏற்ப என்ஜினோடு இணைத்தும் தளர்த்தியும் விடும் விஸ்கஸ் கிளட்சை மாற்றச் சொன்னதும் இதே பகுதிதான். இரவெல்லாம் நின்ற வண்டியில், கிளட்சுக்குள் இருக்கும் சிலிக்கோன் எண்ணெய் தன் இடத்துக்குத் திரும்பும் வரை ஓரிரு நிமிடம் அப்படி இரைவது இயல்பு. அதன் பிறகும் அடங்காவிட்டால்தான் கிளட்ச் இறுகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். இதை விளக்கி அப்போதே விரிவாக எழுதினேன். தாங்கள் பெருந்தன்மையோடு அக்கடிதத்தின் கடைசி வரியை மட்டும், அதாவது இதழுக்கு நான் தெரிவித்திருந்த நன்றியை மட்டும், வெளியிட்டீர்கள்.

இன்னொரு முறை, சத்தம் பொறுக்க முடியாவிட்டால் ஃபேனின் கனெக்டரைக் கழற்றிவிட்டு ஓட்டலாம் என்றே அச்சிட்டிருந்தீர்கள். வேகமாகச் செல்லும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும் என்பது உண்மைதான். ஆனால் நெரிசலில் நின்றுவிட்டால் அந்தக் காற்று எங்கிருந்து வரும்? சூடேறி, என்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய், அந்த ஹெட்டும் வளைந்த பிறகு ஆகும் செலவை எந்த ஃபேனோடும் ஒப்பிட முடியாது. மேலும், ஃபேன் ஓயாமல் முழு வேகத்தில் இரைந்தால், அது பெரும்பாலும் ஃபேனின் பிழையாக இருக்காது. வெப்பநிலை சென்சாரோ அதன் ஒயரோ பழுதானதை உணர்ந்து, வண்டியின் கணினிதான் பாதுகாப்புக்காக அதை ஓட்டிக்கொண்டிருக்கும். ஃபேனை மாற்றினால் புது ஃபேனும் அப்படியேதான் இரையும்.

ஃபேனே காரணம் என்று உறுதியான பிறகும் மோட்டாரைக் குறை சொல்ல அவசரம் வேண்டாம். இறக்கையின் நுனி உடைந்து சமநிலை கெட்டிருக்கலாம், ஃபேனைச் சுற்றியுள்ள கூட்டின் போல்ட் தளர்ந்து இறக்கை உரசியிருக்கலாம், உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாள் சிக்கிப் படபடத்துக்கொண்டிருக்கலாம். கையால் சுழற்றும்போது தண்டு ஆடினாலோ இறுகி நின்றாலோதான் மோட்டாரில் தண்டைத் தாங்கும் புஷ்ஷோ பேரிங்கோ தேய்ந்திருக்கிறது என்று கொள்ள வேண்டும்.

நான் வேண்டுவது பெரிதாக ஒன்றுமில்லை. சாவியை எடுத்த பிறகும் பல வண்டிகளில் ஃபேன் திடீரென்று சுழலக்கூடும் என்பதால், பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றாமல் அதனருகே கையைக் கொண்டுபோகக் கூடாது என்று அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். அதன் கீழேயே, ஆக்சிலரேட்டரை அழுத்திப் பார்க்கும் சோதனையையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். கேள்வி கேட்ட வாசகர் இதற்குள் புது ஃபேன் வாங்கியிராவிட்டால், அவருக்கும் அது பயன்படும். இடம் போதாதென்றால், இம்முறை நன்றி சொல்லும் வரியை வெட்டிவிடலாம். அதனால்தான் அதை எழுதவில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்