கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைக்கு தமிழும் என்எஸ்எஸ்ஸும் எதுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காலேஜ் அட்மிஷன் நேரம் இது. எங்க தெருவுல மட்டும் மூணு வீட்டுப் பிள்ளைங்க கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருக்காங்க. பெத்தவங்க எல்லாரும் சொல்றது ஒண்ணுதான், தமிழ், என்எஸ்எஸ்னு (நாட்டு நலப்பணித் திட்டம்) அலையாம கோடிங் மட்டும் பாருன்னு. எனக்கும் இதையேதான் சொன்னாங்க, அதனாலதான் எழுதுறேன்.

நான் ஆர்ட்ஸ் காலேஜ்ல பி.எஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவன். பார்ட் ஒன் தமிழ், அதாவது மொழிப்பாடம், ரெண்டு வருஷம் இருந்துச்சு, அந்த பீரியட்ல நாங்க லேப் ரெக்கார்டு எழுதிட்டு இருப்போம். இப்ப நினைச்சா வருத்தமா இருக்கு. பார்ட் ஃபைவுக்கு, அதாவது வகுப்புக்கு வெளியே செய்யற வேலைக்கு, என்எஸ்எஸ்ல பேர் கொடுத்தேன், வருஷத்துக்கு 120 மணி நேரம், ரெண்டு வருஷத்துல 240, அதுபோக ஏழு நாள் கிராமத்துல கேம்ப். காந்தி நூற்றாண்டுல, 1969ல ஆரம்பிச்ச திட்டம் இது.

கேம்ப்ல காலையில கருவேலம் வெட்டுவோம், சாயங்காலம் வீடு வீடா போய் கணக்கெடுப்போம். அப்ப ஒரு பாட்டி மஞ்சப்பையில இருந்த கார்டு எல்லாத்தையும் எடுத்து திண்ணையில பரப்பினாங்க. பேரை மாத்தி சொல்றேன், முத்துலெட்சுமின்னு வச்சுக்கோங்க. ஒரு கார்டுல முத்துலெட்சுமி, இன்னொண்ணுல முத்துலட்சுமி, பாஸ்புக்ல இங்கிலீஷ்ல வேற ஒரு எழுத்துக்கூட்டு, ஒண்ணுல அப்பா இனிஷியல், ஒண்ணுல புருஷன் பேரு முழுசா. பேர் ஒத்துவரலைன்னு அவங்க பென்ஷன் பணம் மாசக்கணக்கா நின்னுபோச்சு. கம்ப்யூட்டர் ஏத்துக்கலைன்னு சொல்லிட்டாங்கப்பான்னு அந்த அம்மா சொன்னப்ப, கம்ப்யூட்டர் படிக்கிற எங்க நாலு பேருக்கும் என்ன பதில் சொல்றதுன்னே தெரியலை.

ரெண்டு ஸ்ட்ரிங்கை, அதாவது எழுத்து வரிசையை, கம்பேர் பண்ண எங்களுக்குத் தெரியும், ஒரு எழுத்து மாறினாலும் கம்ப்யூட்டர் வேற ஆள்னு சொல்லிடும். ஆனா கந்தசாமியும் கணேசனும் தமிழ்ல ஒரே க, இங்கிலீஷ்ல வேற வேற எழுத்து, ஏன்னா நம்ம க, ட, த, ப ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணுக்கு மேல சத்தம் உண்டு, வார்த்தையில வர்ற இடத்தைப் பொறுத்தும் மாறும், கணேசன் மாதிரி வடமொழியில இருந்து வந்த பேர்லயும் மாறும். ல, ள, ழ மூணையும் இங்கிலீஷ்ல டைப் பண்றவர் பல நேரம் ஒரே எழுத்துல போட்டுடுவாரு. நமக்கு குடும்பப் பேருங்கிற வழக்கமே பெரும்பாலும் கிடையாது, ஆனா ஃபார்ம்ல லாஸ்ட் நேம் கட்டாயம்னு நட்சத்திரக் குறி இருக்கும். இதெல்லாம் இலக்கணமும் சமூகமும் தெரிஞ்சவங்க சொல்ல வேண்டிய விஷயம். அமெரிக்காவுல பேர்களோட ஒலியை வச்சுத் தேடுற சவுண்டெக்ஸ் முறைக்கு 1918லயே பேட்டன்ட் வாங்கிட்டாங்க, கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடியே. அது இங்கிலீஷ் சத்தத்துக்கு செஞ்சது. நம்ம பேர்களுக்கு அப்படி ஒண்ணு செய்யணும்னா தமிழ் கிளாஸ்ல காது கொடுத்துக் கேட்ட ஒரு புரோகிராமர் வேணும், அந்தத் திண்ணையில உட்கார்ந்து பாட்டி சொன்னதைக் கேட்டவரா இருந்தா இன்னும் நல்லது.

இஞ்சினியரிங் பக்கம் அண்ணா பல்கலைக்கழகம் 2022ல தமிழர் மரபு, தமிழரும் தொழில்நுட்பமும்னு ரெண்டு பேப்பர் கொண்டுவந்தாங்க. மனசார வரவேற்கிறேன், ஆனா ஒவ்வொண்ணுக்கும் ஒரே ஒரு கிரெடிட்தான், அதாவது பாடத்துக்குக் கொடுக்கிற மதிப்பு ரொம்பக் குறைவு, அதுவும் முதல் வருஷத்தோட முடிஞ்சிடுது.

என் கோரிக்கை இதுதான். கடைசி வருஷ பிராஜெக்டுக்கு எத்தனையோ பேர் பிராஜெக்ட் சென்டர்ல காசு கொடுத்து பழைய லைப்ரரி மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேரையே வாங்கிட்டு வந்து வைக்கிறாங்க. அதுக்குப் பதிலா என்எஸ்எஸ் கேம்ப்ல பார்த்த ஒரு பிரச்சனையையே பிராஜெக்டா எடுக்க விடணும், கம்ப்யூட்டர் ஆசிரியரோட ஒரு தமிழ் ஆசிரியரோ சமூகவியல் ஆசிரியரோ சேர்ந்து கைடா இருக்கணும், கிராமத்துல செலவழிச்ச மணி நேரத்துக்கும் அதுல மார்க் கொடுக்கணும். துறைத் தலைவர்கள் மனசு வச்சா இந்த வருஷமே ஆரம்பிக்கலாம்.

எங்க தெருப் பிள்ளைங்க மூணு பேர்கிட்டயும் என்எஸ்எஸ்ல பேர் கொடுங்கன்னு சொல்லியிருக்கேன். ஒரு பொண்ணு சரின்னு சொல்லியிருக்கா.

இப்படிக்கு,
ஒரு வாசகர், விருதுநகர்