ஸ்டீல் கிட்டார் என்றாலே லியோன்தானா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் டெக்சஸ் நடன இசை பற்றிய கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். பாப் வில்ஸையும் அவருடைய டெக்சஸ் பிளேபாய்ஸ் குழுவையும் பற்றித் தமிழில் எழுத ஆள் வந்ததே சந்தோஷம். ஆனால் அவர்களுடைய 'ரோலி போலி' பாட்டில் ஸ்டீல் கிட்டார் (கம்பிமேல் இரும்புக் கட்டையை நகர்த்தி வாசிக்கும் கிட்டார்) வாசித்தது லியோன் மெக்காலிஃப் என்று போட்டிருப்பது தவறு. அது 1945-ல் பதிவானது. மெக்காலிஃப் 1942-லேயே குழுவை விட்டுக் கடற்படைக்குப் போய்விட்டார். வாசித்தவர் நோயல் பாக்ஸ்.

இந்தத் தவறு எல்லோருக்கும் வரும். இசைத்தட்டின் லேபிளில் குழுவின் பெயரும் பாடகர் பெயரும் இருக்கும், வாத்தியக்காரர் பெயர் இருக்காது. 1936-ல் பதிவான 'ஸ்டீல் கிட்டார் ராக்' (Rag) மெக்காலிஃபை அவ்வளவு பிரபலமாக்கிவிட்டதால், ஸ்டீல் கேட்டாலே வாய் தானாக 'லியோன்' என்கிறது. வில்ஸே பாட்டின் நடுவில் "எடுத்து விடு, லியோன்!" என்று கூவுவார். இந்தக் கூவல் சிலருக்கு எரிச்சல். வாசித்தது யார் என்று தேடுகிறவர்களுக்கோ அதுதான் பட்டா, சிட்டா எல்லாம். எனவே முதலில் அவர் யாரைக் கூப்பிடுகிறார் என்று காது கொடுங்கள்.

தட்டு கடைக்கு வந்த ஆண்டை மட்டும் நம்ப வேண்டாம். 1942 ஆகஸ்டில் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவுக்குத் தடை போட்டது. வில்ஸின் தட்டுகளை வெளியிட்ட கொலம்பியா நிறுவனம் 1944 நவம்பரில்தான் சங்கத்தோடு சமாதானம் ஆனது. அதுவரை கையிருப்பில் இருந்த பழைய பதிவுகளையே வெளியிட்டார்கள். ஆகவே ஆள் குழுவை விட்டுப் போன பிறகும் அவர் வாசிப்பு புதுத் தட்டாக வந்துகொண்டிருக்கும்.

காதை வைத்தும் பிடிக்கலாம், கொஞ்சம் நிதானம் வேண்டும். மெக்காலிஃப் மெட்டை விட்டு அதிகம் விலகமாட்டார். பாக்ஸ் கம்பிகளைச் சேர்த்து மீட்டி, கீழிருந்து மேலே ஒரே தாவாகத் தாவுவார். 1946-ல் குழுவுக்கு வந்த ஸ்டீல்காரர் ஹெர்ப் ரெமிங்டன் வழுக்கிக்கொண்டு போவார். நானே ஒருமுறை ஏமாந்தேன். 1946, 47-ல் வானொலிக்காகப் பதிவான டிஃபனி தட்டுகளில், வில்ஸ் குழுவின் டைனி மூர் வாசித்த மின்சார மாண்டலினை வெகுநாள் ஸ்டீல் என்றே நினைத்திருந்தேன். மாண்டலினில் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக விழும். ஸ்டீலில் இரும்புக் கட்டை கம்பிமேல் நகர்வதால், ஸ்வரம் அடுத்ததைத் தொட்டுக்கொண்டே போகும், நம் கோட்டுவாத்தியம் மாதிரி. இது தெரிந்ததும் வெட்கமாகிவிட்டது.

இன்னொரு குறை. பாப் டன்னை உங்கள் கட்டுரையாளர் கண்டுகொள்ளவே இல்லை. டெக்சஸின் இன்னொரு நடன இசைக் குழுவான மில்டன் பிரவுன் குழுவுடன் 1935 ஜனவரியில் சிகாகோவில் டெக்கா நிறுவனத்துக்காக மின்சார ஸ்டீல் வாசித்துப் பதிவு செய்தவர் அவர், மெக்காலிஃபின் 'ஸ்டீல் கிட்டார் ராக்' தட்டுக்கு ஒன்றரை ஆண்டு முன்பே. டிராம்போனும் ஊதுவார். அதனாலோ என்னவோ, அவர் ஸ்டீல் இழையாது, ஊதுகுழல் மாதிரி வெட்டி வெட்டிப் பேசும். அதை இரண்டு தடவை கேட்டால் போதும், இன்னொருவரோடு குழம்பவே மாட்டீர்கள்.

அடுத்த இதழில் திருத்தம் போடும்போது பாக்ஸ் பெயரோடு டன்னுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி