தண்ணீர்த் தொட்டி சுமக்கிற அன்ரிக்கு

அன்புள்ள அன்ரி,

தமிழில் எழுதினால் உங்களுக்கு விளங்காது, தெரியும். என் மகள் வாசித்துச் சொல்லுவாள். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்குக் கர்லிங் என்றால் ஐஸைத் தும்புத்தடியால் கூட்டுகிற விளையாட்டு, அவ்வளவுதான். அவர்களும் உங்களைப் பற்றி அறியட்டும் என்றுதான் இப்படி எழுதுகிறேன்.

எங்கள் கர்லிங் கிளப்பில் பெண்கள் லீக் முடிவில் உங்களை முன்னால் கூப்பிட்டுப் பூங்கொத்துத் தந்தார்கள். சந்தோஷம்தான். ஆனால் பேசினவர்கள் எல்லாரும் உங்கள் சிரித்த முகத்தைப் பற்றியே பேசினார்களே தவிர, நீங்கள் செய்கிற வேலையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு அது கடுப்பாக இருந்தது.

ஆட்டத்துக்கு முன் அந்தத் தண்ணீர்த் தொட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு, குழாயை இடமும் வலமும் வீசியபடி பின்பக்கமாகவே நடப்பீர்களே, ஐஸ் தளம் கிட்டத்தட்ட 45 மீட்டர், நடையும் கைவீச்சும் கடைசி வரைக்கும் ஒரே சீராக இருக்க வேண்டும், கொஞ்சம் தடுமாறினாலும் துளிகள் ஓரிடத்தில் அப்பிவிடும். விழுகிற துளிகள் உறைந்து சின்னச் சின்னப் பருக்களாக நிற்கின்றன. ஆட்டத்தில் மறுமுனைக்குத் தள்ளிவிடுகிற கிட்டத்தட்ட 20 கிலோ கல், அடியில் இருக்கிற ஒரு மெல்லிய வளையத்தால் மட்டும் அந்தப் பருக்களைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. நீங்கள் அந்தத் துளிகளைப் போடாவிட்டால் ஒலிம்பிக் சாம்பியனே வந்து விட்டாலும் கல் மறுமுனை போய்ச் சேராது. அதை முடித்துவிட்டு ஆட்ட அட்டவணை, பிறகு வெளியூர்ப் பிள்ளைகளை யார் கூட்டி வருவது என்று போனில் ஒரு பாடு.

இந்தக் கனடாவில் ஆண்களுக்கான தேசியப் போட்டி, பிரையர், 1927இலேயே ரொறன்ரோவில் தொடங்கிவிட்டது. பெண்களுக்கு அப்படி ஒன்று வர 1961 ஆனது. உலகப் போட்டியிலும் அதே கதைதான், ஆண்களுக்கு 1959, பெண்களுக்கு 1979. விளையாடத் தெரியாமலா காத்திருந்தார்கள்? 1998இல் நாகானோவில் பெண்களுக்கு ஒலிம்பிக் கதவு திறந்ததும் முதல் தங்கத்தை எடுத்தது இங்கே சஸ்காச்சவன் மாகாணத்திலிருந்து போன சாண்ட்ரா ஷ்மிர்லரின் அணி! அப்படிப்பட்டவர்கள் உருவாக ஊர் ஊராகக் கிளப் வேண்டும், கிளப்பைத் திறந்து வைக்க உங்களைப் போல ஆட்கள் வேண்டும். சம்பளத்துக்கு ஆள் பிடித்திருந்தால் பாதிக் கிளப் எப்போதோ பூட்டியிருக்கும் என்பது என் எண்ணம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சிபிசி தொலைக்காட்சியில் கர்லிங் ஒளிபரப்பைத் தயாரித்த ஜோன் மீட் பெயரில் ஒரு விருது இருக்கிறது, பெண்கள் கர்லிங்கை வளர்த்தவர்களுக்கு பெண்களின் தேசியப் போட்டியான ஸ்கொட்டீஸில் கொடுப்பார்கள். உங்கள் பெயரை அனுப்பலாம் என்று நாங்கள் சில பேர் பேசிக்கொண்டிருக்கிறோம். கோபப்படாதீர்கள். நீங்கள் எந்த வருடம் கிளப்புக்கு வந்தீர்கள் என்று மட்டும் மகளிடம் சொல்லிவிடுங்கள், இங்கே ஒருவருக்கும் ஞாபகம் இல்லை, ஏனென்றால் எல்லாரும் உங்களுக்குப் பிறகு வந்தவர்கள்.