பேப்பர் கட்டை எடைக்குப் போட்டுவிடாதே

மாப்ளே,

உன் மெயில் வந்து பத்து நாள் ஆகிவிட்டது. ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்கிறார்கள் என்று கூப்பிட்டார்கள், இருபது கொண்டை ஊசி வளைவையும் நாலு நாள் ஏறி இறங்கியதில் இடுப்பு கழன்றுவிட்டது, அதனால்தான் பதில் தாமதம். அதை அப்புறம் சொல்கிறேன். முதலில் உன் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் ஆடிப் பண்டிகை லீவுக்குச் சேலம் வந்து குகைப் பகுதியில் இருக்கிற உங்கள் பழைய வீட்டை ஒழிக்கப்போவதாக எழுதியிருக்கிறாய், அதற்குள் இதை நீ படித்தாக வேண்டும்.

பாட்டியின் பித்தளைச் சாமானெல்லாம் ஆன்ட்டிக் ஆச்சே, பழைய சாமான் விற்கிற என் இணையக் கடையில் போட்டால் என்ன விலை போகும் என்று கேட்டிருந்தாய். மனசைத் தேற்றிக்கொள். அண்டா, தவலை, அந்த ஆறு குடம் எல்லாம் பித்தளை எடை விலைக்குக் கொஞ்சம் மேலே போனாலே பெரிது. பித்தளையை நம்ம ஊரில் யாரும் தூக்கி எறிந்ததில்லை, அதுதான் காரணம். எவர்சில்வர் வந்தபோது பரணில் ஏற்றினார்களே தவிர விடவில்லை, சீர்ப் பாத்திரம், அவசரத்துக்கு அடகு வைக்கலாம் என்று மூன்று தலைமுறையாகக் காத்து வைத்திருக்கிறார்கள். சேலத்துப் பரண்களில் மட்டும் எத்தனை அண்டா இருக்கும், யோசித்துப் பார். திருகு மூடி போட்ட கூஜா, வேலைப்பாடு உள்ள வெற்றிலைப் பெட்டி, சர்க்கார் முத்திரை குத்திய பழைய படி, உழக்கு இப்படி ஏதாவது இருந்தால் தனியே எடுத்து வை. புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிடாதே, அந்தக் கறுப்புக்குத்தான் காசு.

ஆனால் அதே மெயிலில் போகிறபோக்கில் இன்னொரு வரி எழுதியிருக்கிறாய் பார், "அப்பா டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தபோது சேர்த்த பாட்டுப் புத்தகம், நோட்டீஸ் எல்லாம் ஒரு ட்ரங்குப் பெட்டி நிறையக் கிடக்கிறது, பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிடலாம்" என்று. படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டேய், உங்கள் வீட்டில் சொத்து என்று ஏதாவது இருந்தால் அந்தப் பெட்டிதான். படத்தின் கதைச் சுருக்கமும் பாட்டும் அச்சடித்துக் கொட்டகையில் விற்ற அந்தப் பாட்டுப் புத்தகத்தை யாரும் பத்திரப்படுத்தவில்லை. படம் பார்த்தார்கள், கதைச் சுருக்கத்தில் கடைசியாக "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று போட்டிருப்பதைப் படித்துச் சிரித்தார்கள், மறுநாள் அதில் பொட்டுக்கடலை மடித்தார்கள். அச்சடித்தது ஆயிரக்கணக்கில் இருக்கலாம், கரையானுக்கும் மழைக்கும் மளிகைக்கடைக்கும் தப்பியது எத்தனை? அதனால்தான் இன்றைக்குக் கிலோ கணக்கில் கிடைக்கிற பித்தளையைவிட நாலு தாள் பாட்டுப் புத்தகத்துக்கு ஆள் அலைகிறான்.

அதுவும் நம்ம ஊர்ச் சரக்கு. டி.ஆர். சுந்தரம் 1935-இல் ஆரம்பித்த மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவில் மிச்சம் இருப்பது ஏற்காடு ரோட்டில் அந்த வளைவு மட்டும்தான், நாம் சைக்கிளில் அதைத் தாண்டிப் போவோமே. 1950-இல் வந்த மந்திரி குமாரி, 1956-இல் வந்த அலிபாபாவும் 40 திருடர்களும், அது தமிழின் முதல் கலர்ப் படம், இதற்கெல்லாம் பாட்டுப் புத்தகம் தேடி மலேசியாவிலிருந்துகூட எழுதுகிறார்கள். மலையாளத்தின் முதல் பேசும் படமான பாலனையும் 1938-இல் இங்கேதான் தயாரித்தார்கள் என்பதால் கேரளாவிலிருந்தும் விசாரிக்கிறார்கள். அந்தப் பேப்பர் உன் பெட்டியில் இருந்தால் எனக்கு உடனே போன் பண்ணு, ராத்திரி பன்னிரண்டு மணியானாலும் சரி.

காலம் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. விலை அணாவில் அச்சாகியிருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தியது, நயா பைசா என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. போலியும் வருகிறது. அசலைப் பின்பக்கம் விரலால் தடவினால் ஈய எழுத்து அழுத்திய தடம் மேடாகத் தட்டுப்படும், ஸ்கேன் செய்து ஆஃப்செட்டில் அடித்தது வழவழவென்று இருக்கும். தாளைச் சேர்த்துக் குத்திய கம்பிப் பின்னைப் பார்த்தாலும் தெரியும், அறுபது வருஷத்துக் கம்பி துருப்பிடித்துத் தாளில் பழுப்புக் கறை விட்டிருக்கும். இப்போது அந்தக் கறையையும் டீத்தூள் தண்ணீரில் தயாரிக்கிறார்கள், கெட்டிக்காரர்கள்.

கடை எப்படிப் போகிறது என்று கேட்டாய். ஆரம்பித்து ஆறு வருஷம் ஆயிற்று, முதல் இரண்டு வருஷம் நான் விற்றதைவிடக் கற்றுக்கொண்டதுதான் அதிகம், அதற்குக் கொடுத்த ஃபீஸும் அதிகம். கிராமபோன், மர பீரோ, பீங்கான், காசு, தபால்தலை, யார் எதை விற்கக் கொண்டுவந்தாலும் கமிஷனுக்குத் தளத்தில் போட்டேன். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வியாபாரம் செய்கிறவர் ஒருவர் பாக்குவெட்டி விற்க வந்தார். போட்டோவை அவரே எடுத்து அனுப்பினார், நல்ல போட்டோ, ஆனால் வாங்க வருகிறவர்கள் யாரும் என்னிடம் பணம் கட்டவில்லை. ஒரு மாதம் கழித்துத்தான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், பாக்குவெட்டிக்குப் பக்கத்தில் அழகுக்கு வைத்த மாதிரி அவருடைய விசிட்டிங் கார்டு, போன் நம்பரோடு! பத்து சதவீதக் கமிஷனைக் காப்பாற்ற மனிதனுக்கு வருகிற கற்பனை இருக்கிறதே. முதலில் கோபம் வந்தது, அப்புறம் யோசித்தால் தப்பு என்னுடையதும்தான். நான் வெறும் அறிமுகம் மட்டும் செய்து வைத்தால் இரண்டாவது தடவை என்னிடம் எதற்கு வருவான்? அதற்குப் பிறகுதான், பொருள் கைக்கு வந்து மூன்று நாள் ஆகும்வரை விற்பவருக்குப் பணம் போகாது, சொன்னது ஒன்று வந்தது ஒன்று என்றால் திருப்பி அனுப்பலாம் என்று வைத்தேன். கமிஷனையும் குறைத்தேன். இப்போது அதே கொலுசுக்காரர் தானாகவே என் வழியாகத்தான் விற்கிறார், தெரியாத ஆளிடம் பணம் மாட்டிக்கொள்ளுமோ என்ற பயம் அவருக்கும் இருக்கிறதே.

இன்னொரு விதி வைத்தேன், அதற்குக் கிடைத்த திட்டுக்கு அளவில்லை. முதல் போட்டோவே குறையைக் காட்ட வேண்டும். ஓட்டை, பற்றவைப்பு, கிழிசல், பூச்சி அரித்த மூலை, எதுவானாலும் அதுதான் முதலில். "பொண்ணு பார்க்க வர்றப்ப மருவைக் காட்டச் சொல்ற மாதிரி இருக்கு" என்றார் ஒருத்தர். ஆனால் திரும்பி வருகிற பார்சல் அப்படியே குறைந்துவிட்டது. விற்ற பொருளின் விலையையும் அழிக்காமல் தளத்திலேயே விட்டு வைத்திருக்கிறேன். என் நோக்கம் வேறு, இடம் காலியாகத் தெரியக் கூடாது என்றுதான் விட்டேன். இப்போது வருகிறவர்களில் பாதிப்பேர் விலை பார்க்கத்தான் வருகிறார்கள், தங்கள் வீட்டில் இருப்பது என்ன போகும் என்று. பார்த்துவிட்டுப் போனவர்தான் ஒரு வருஷம் கழித்து ட்ரங்குப் பெட்டியோடு வருகிறார். விளம்பரத்துக்குக் கொட்டிய காசு இதில் கால்வாசி வேலை செய்யவில்லை.

தேடுகிற வார்த்தை விஷயம் இருக்கிறதே, அது தனிக் கூத்து. நாம் தூக்குப்போசி என்கிறோம், மதுரைக்காரர் தூக்குவாளி என்கிறார், நாகர்கோவிலில் ஒருத்தர் வேறு என்னவோ சொன்னார். ஒரே பொருளை மூன்று பேர் மூன்று பெயரில் தேடிவிட்டு, இல்லை என்று போய்விடுகிறார்கள். இப்போது ஒவ்வொரு பொருளுக்குப் பின்னாலும் எனக்குத் தெரிந்த ஊர்ப் பெயரையெல்லாம் மறைவாக எழுதி வைக்கிறேன். இந்த வேலைக்கு என் அம்மாதான் ஆலோசகர், சம்பளம் தினம் ஒரு வெற்றிலைக் கட்டு.

பேப்பருக்கு மாறியது திட்டம் போட்டு அல்ல. ஒருவருக்கு ஆறு இசைத்தட்டு அனுப்பினேன், பழைய அரக்குத் தட்டு, கீழே போட்டால் அப்பளம். தெர்மாகோலில் சுற்றிப் படுக்கைவாட்டில் வைத்துவிட்டேன், மேலே என்ன மூட்டை ஏறியதோ, ஆறும் இருபத்து நாலாகப் போய்ச் சேர்ந்தது. முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன். தட்டுக்குத் தட்டு அட்டை வைத்து நிறுத்தினாற்போல் கட்ட வேண்டும் என்று அவர்தான் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். அதே வாரம் ஒரு பாட்டுப் புத்தகத்தை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பினேன், ஒரு மடிப்புக்கூட விழாமல் போய்ச் சேர்ந்தது. சரி, எது நம் வேலை என்று அன்றைக்குத் தெரிந்தது. இப்போது பாட்டுப் புத்தகம், சினிமா நோட்டீஸ், தீப்பெட்டி லேபிள், பழைய காலண்டர்ப் படம், போஸ்ட் கார்டு, இவைதான் முக்கால்வாசி.

வரி வழக்கம்போல் தலைவலி. 2023 அக்டோபர் வரை இணையச் சந்தை வழியாக வரியுள்ள பொருள் விற்கிறவர் ஒரு ரூபாய்க்கு விற்றாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும் என்றிருந்தது, நாலு பழைய சாமான் விற்க வருகிற ரிட்டயர்டு வாத்தியாரிடம் அதை எப்படிச் சொல்வது? இப்போது சின்ன ஆட்கள் பதிவு இல்லாமலே மாநிலத்துக்குள் விற்கலாம், ஆனால் பெங்களூருக்கு விற்க வேண்டுமென்றால் பழைய கதைதான். ஓசூர்க்காரர் வாங்கலாம், பத்து நிமிஷம் தள்ளிக் கர்நாடகத்து அத்திப்பள்ளியில் இருப்பவர் வாங்கக் கூடாது.

அப்புறம் நான் போடாத சரக்கு. வாரம் ஒரு மோசடி போன், கிழக்கிந்தியக் கம்பெனி செம்பு, அரிசியை இழுக்கிறது, இரிடியம், கோடிக்கணக்கில் போகும், கமிஷன் பாதி உனக்கு என்று. 1818 என்று போட்டு ராமர் பட்டாபிஷேகம் பொறித்த காசும் அடிக்கடி வருகிறது, அப்படி ஒரு காசைக் கம்பெனி அடித்ததே இல்லை. வைஷ்ணவ தேவி ஐந்து ரூபாய் நாணயத்துக்கு லட்சம் கேட்கிறவர்களுக்கு, அதே காசில் என் கடை முக்கில் தட்டுவடை செட்டு வாங்கலாம் என்று சொல்லிவிடுகிறேன், அதுவும் பாதித் தட்டுதான். புலி நகம், நரிக்கொம்பு, தந்தப் பிடி போட்ட கத்தி, எல்லாம் 1972 வன உயிரினச் சட்டத்தில் உள்ளே தள்ளிவிடும். தாத்தா காலத்தது என்றாலும் தொட மாட்டேன்.

போன மாசம் ஒருவர் வெண்கல மணி கொண்டுவந்தார். நல்ல வார்ப்பு, தட்டினால் ரீங்காரம் அரை நிமிஷம் நிற்கிறது. திருப்பிப் பார்த்தால் ஒரு கோயில் பெயரும் உபயம் இன்னார் என்றும் வெட்டியிருக்கிறது. எங்கள் பங்காளி வீட்டில் இருந்தது என்றார். இருக்கலாம். வேண்டாம், கோயிலிலேயே கொடுத்துவிடுங்கள் என்றேன், முறைத்துக்கொண்டு போய்விட்டார். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிலை, வார்ப்பு வேலையெல்லாம் 1972 தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், லைசென்ஸ் இல்லாமல் வியாபாரம் செய்யக் கூடாது, தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. ஏட்டுச்சுவடி, ஆவணம் என்றால் எழுபத்தைந்து வருஷமே போதும், அதனால் அந்த வயதை எட்டிய பேப்பரை நான் கடல் தாண்டி அனுப்புவதில்லை, மலேசியாக்காரர் எவ்வளவு கெஞ்சினாலும். அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராஜரை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008-இல் ஐம்பது லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கி, 2014-இல் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. கூடவந்த காகிதத்தை நம்பி அவ்வளவு பெரிய இடமே ஏமாந்தது, நான் எம்மாத்திரம்.

இதற்கிடையில் பெங்களூரிலிருந்து ஒரு முதலீட்டாளர் வந்தார். நல்ல பையன்தான். விற்பவர்களை வடிகட்டாமல் திறந்துவிடுங்கள், ஒரே வருஷத்தில் பத்து மடங்கு ஆகும், பணம் நான் போடுகிறேன் என்றார். சேலைக் கடையில் ஒரு போட்டோ எடுத்தால் நூறு சேலை விற்கலாம், இங்கே ஒரு பொருளுக்கு ஒரு போட்டோ, ஒரு விவரம், விற்றால் அவ்வளவுதான், அடுத்ததற்கு மறுபடி முதலிலிருந்து. அதைச் சுருக்க வேண்டுமென்றால் பார்க்காமல் போட வேண்டும். பார்க்காமல் போட்டால் ஆறு மாசத்தில் இரிடியம் செம்புதான் முதல் பக்கத்தில் நிற்கும். அவரிடம் இதைச் சொன்னேன், யோசித்துச் சொல்லுங்கள் என்று எழுந்துவிட்டார். வீட்டில் அவளுக்கு என் மேல் கோபம், ஈஎம்ஐ எல்லாம் அவள் சம்பளத்தில்தானே போகிறது. அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன், நீ கணக்குப் படித்தவன். திறக்காமல், பேப்பருக்கு மட்டும் இன்னும் இரண்டு ஆள் போட்டு வளர்க்க முடியுமா, வந்ததும் என் கணக்கு நோட்டைப் பார்த்துச் சொல்.

ஏற்காடு சமாச்சாரம். பங்களாவில் மர சாமானை வியாபாரிகள் முதல் நாளே அள்ளிவிட்டார்கள், எனக்கு மிஞ்சியது சமையல்கட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு மூட்டை. 1820-களில் கலெக்டர் காக்பர்ன் அங்கே காபி கொண்டுவந்த கதை உனக்குத் தெரியும். இது அவ்வளவு பழசில்லை, அறுபதுகளின் எஸ்டேட் கூலிக் கணக்கு நோட்டுகள், பெயர், கைநாட்டு, நாள் கூலி. பாதி பூஞ்சை பிடித்து அப்படியே ஒட்டிக்கிடந்தது, அந்த மூடுபனிக்குப் பேப்பர் எத்தனை நாள் தாங்கும். இதை விற்பதா, ஏதாவது கல்லூரியில் கொடுப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. மொட்டை மாடியில் நிழலில் விரித்துக் காய வைத்திருக்கிறேன்.

நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். பெட்டியைத் திற, எதையும் பிரிக்காதே. கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதே. முக்கியமாக லாமினேஷன் செய்யாதே, பத்திரமாக இருக்கட்டும் என்று ஒருவர் மந்திரி குமாரியை லாமினேட் செய்து கொண்டுவந்தார், அவர் முகத்தைப் பார்த்து எனக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. பழைய வேட்டியில் சுற்றி அப்படியே எடுத்துக்கொண்டு வா. பித்தளையை உன் தங்கச்சியிடம் கொடுத்துவிடு, அவளாவது பொங்கல் வைப்பாள்.

எந்த பஸ்ஸில் வருகிறாய் என்று முன்கூட்டியே சொல், பெட்டி கனமாக இருக்கும், புது பஸ் ஸ்டாண்டுக்கு வண்டியோடு வருகிறேன்.

உன்,
மச்சான்