இருபதாவது நாற்காலி

மதுரை,
12 அக்டோபர் 2025

அன்புள்ள தோழிக்கு,

சித்திரைத் திருவிழா முடிந்து நீ சென்னைக்கு ரயிலேறிய நாளிலிருந்து உனக்கு ஒரு வரிகூட எழுதாமல் இருந்துவிட்டேன், மன்னித்துக்கொள். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மகன் நான்காம் வகுப்புக்கு வந்துவிட்டான். இப்போது எழுத உட்கார்ந்தது அலுவலக விஷயமாக. உன்னிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

சென்ற மாதம் 22ஆம் தேதி ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின அல்லவா? 3ஆம் தேதி இரவு அறிவிப்பு வந்ததிலிருந்து நாங்கள் யாரும் நேரத்துக்கு வீடு திரும்பவில்லை. நெய்யும் வெண்ணெயும் 12 விழுக்காட்டிலிருந்து 5க்கும், சோப்பும் தலை எண்ணெயும் 18இலிருந்து 5க்கும் இறங்கியதால், எங்கள் பில்லிங் மென்பொருளை வைத்திருக்கும் ஒவ்வொரு கடைக்கும் சரக்குச் சரக்காக மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது. 22ஆம் தேதி காலையில் கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடையில் நின்று, முதல் பில் சரியாக விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஜி.எஸ்.டி. முதன்முதலாக வந்த 2017 ஜூலை 1ஆம் தேதி, நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அதே கல்லாவுக்கு அருகில் நடுங்கிக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. உன் சிறுசேரி வளாகத்தில் நீ எழுதும் நிரலை யார் பயன்படுத்துகிறார்கள் என்றே தெரியவில்லை என்று ஒருமுறை வருத்தப்பட்டாயே, அந்த வருத்தம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

அந்த வாரம்தான் எங்கள் முதலாளி, நாங்கள் எல்லாரும் 'அண்ணன்' என்று அழைப்பவர், என்னைக் கூப்பிட்டு, "இங்கே வேலை பார்ப்பதைப் பற்றி எல்லாரும் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு எழுதிக் கொடும்மா, யாருடைய பெயரும் வேண்டாம்" என்றார். நாங்கள் பத்தொன்பது பேர். ஒவ்வொருவராகக் கேட்டேன். போன ஆண்டு கல்லூரி முடித்து வந்த பையன், தரவுத்தளத்தில் தொடங்கிக் கடைக்காரரின் தொலைபேசிக்குப் பதில் சொல்வது வரை ஆறே மாதத்தில் கற்றுக்கொண்டதாக முகம் மலரச் சொன்னான். குழந்தை பிறந்த பிறகு திரும்பி வந்த பெண், வேலை நேரத்தைத் தன் வசதிக்கு விட்டுவிட்டதை நன்றியோடு சொன்னாள். இரவு பத்து மணிக்கும் அழைப்பு வருகிறது, தவறு செய்தால் திருத்திச் சொல்ல மேலே ஓர் ஆள் இல்லை என்ற குறைகளும் வந்தன. இவை எதுவும் எனக்குப் புதிதில்லை.

ஆனால் ஏறக்குறைய எல்லாரும் ஓரிடத்தில் வந்து நின்றார்கள். அங்கே குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா, இதை எழுத வேண்டாம்" என்றார்கள். எங்களுக்கு இல்லாத வருங்கால வைப்பு நிதியை, பி.எஃப்.ஐத்தான் சொல்கிறேன். டெஸ்டிங் பார்க்கும் தம்பிக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணின் அப்பா சம்பளத்தைக்கூடக் கேட்கவில்லையாம், "பி.எஃப். பிடிக்கிறார்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, காப்பி கொடுத்து அனுப்பிவிட்டாராம். அவன் அதைச் சொல்லும்போது கண் கலங்கியது. அவன் பெயரை நான் எழுதாவிட்டால் என்ன? பெண் பார்க்கத் தொடங்கியவன் எங்களில் அவன் ஒருவன்தான். பத்தொன்பது பேர் இருக்கும் மாடியில் பெயரில்லாத கருத்து என்று ஒன்று எப்படி இருக்க முடியும்?

1952ஆம் ஆண்டுச் சட்டப்படி இருபது பேர் இருந்தால்தான் அந்த நிதி கட்டாயம். நான்கு ஆண்டுகளாக நாங்கள் பத்தொன்பதைத் தாண்டவில்லை; வேலை மட்டும் முப்பது பேருக்கு இருக்கிறது. நேற்று இரவு என் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்து, என் பங்கு பத்து விழுக்காடும் நிறுவனத்தின் பங்கு பத்து விழுக்காடும் சேர்ந்திருந்தால், எட்டு ஆண்டுகளில் வட்டி இல்லாமலே 2,88,000 ரூபாய். வேலையை விடும்போது நிறுவனம் தர வேண்டிய பணிக்கொடைக்குப் பத்துப் பேர் இருந்தாலே போதும், ஐந்தாண்டு முடித்தவர்களுக்கு ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம் உண்டு என்பதும் எங்களில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை.

அண்ணன் கெட்டவர் இல்லை, அதுதான் என்னை வதைக்கிறது. 2020 ஊரடங்கில் கடைகள் எல்லாம் மூடிக் கிடந்தபோது, அண்ணியின் நகையை அடகு வைத்து எங்களுக்கு முழுச் சம்பளம் கொடுத்தவர் அவர். 'சார்' என்று அழைத்தால் கோபித்துக்கொள்வார். முதலாளியிடம் உரிமையைக் கேட்கலாம். அண்ணனிடம் கேட்டால் அது நன்றி கெட்டதனமாகத் தோன்றுகிறது. அதனால் யாரும் கேட்பதில்லை. ஒருநாள் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டுச் சென்னைக்குப் போய்விடுகிறார்கள். இரண்டு ஆண்டில் மூன்று பேர் அப்படிப் போனார்கள். ஒவ்வொரு முறையும் அண்ணன், "நம்மிடம் என்ன குறை?" என்று என்னைத்தான் கேட்டார். நானும் தெரியாது என்றேன். அந்தப் பொய் இப்போது உறுத்துகிறது.

இருபது பேர் இல்லாத இடத்திலும், முதலாளியும் ஊழியர்களில் பெரும்பான்மையினரும் ஒப்புக்கொண்டால் விரும்பி அந்த நிதியில் சேர்ந்துகொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது. எங்களுக்குப் பத்துப் பேர் வேண்டும். மற்றவர்கள் சொன்னதையெல்லாம் எடுத்துவிட்டு, இந்த ஒன்றை மட்டும், என் பெயரை முதலில் போட்டு எழுதியிருக்கிறேன். இன்று மாலை வரை ஏழு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். டெஸ்டிங் தம்பி ஐந்தாவதாகப் போட்டான்.

உன் தம்பி ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கிறானே, இப்படிச் சேர்வதற்கு என்னென்ன தாள்கள் வேண்டும் என்று அவனிடம் கேட்டு உடனே தெரிவி. தீபாவளிக்கு 18ஆம் தேதி காலையில் பாண்டியன் ரயிலில் வந்து இறங்குகிறாய் என்று உன் அம்மா சொன்னார்கள். அதற்குள் அண்ணனிடம் கொடுத்துவிட வேண்டும் என்று இருக்கிறேன்; கொடுத்தேனா என்று வந்ததும் முதல் வேலையாக என்னைக் கேள்.

அன்புடன்,
உன் அறைத்தோழி